கடைசிப் பக்கத்தில் ஒரு முடி

மார்ச் 4, செவ்வாய்

பயிற்சி கொடுக்கிற பெண் இன்று சீக்கிரமே வந்துவிட்டாள். நான் தலைகூட வாரவில்லை. என் வீட்டுக்காரருடைய இடது கையில் பென்சிலைத் திணித்து, புள்ளிக்கோடு அச்சடித்த தாளை முன்னால் வைத்தாள். "சார், புள்ளி மேலயே போங்க. அவசரமே இல்ல." காலமெல்லாம் கட்டட வரைபடம் போட்ட மனிதர், நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு வட்டத்தை மூடப் பாடுபட்டார். வட்டம் மூடவில்லை. என்னைப் பார்த்து "பரவால்ல" என்றார்.

வாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது இந்த ஒரு சொல்தான். பசித்தாலும் பரவால்ல, வலித்தாலும் பரவால்ல. சிலருக்குக் கெட்ட வார்த்தை மட்டும் தங்கிவிடுமாம், மருத்துவர் சொன்னார். அப்படிப் பார்த்தால் எனக்கு யோகம்தான்.

ஆய்வகத்துக்குத் தாமதமாகப் போனேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 6, வியாழன்

கண்காட்சி உறுதியாகிவிட்டது. எங்கள் படக்கதைச் சேகரிப்பாளர் வட்டத்தின் செயலாளர் போனிலேயே துள்ளுகிறார். தீவுக் கதையின் மூலப் பக்கங்கள் அத்தனையும் முதல் முறையாக ஒரே கூடத்தில். ஓவியர் கையாலேயே வரைந்த அட்டைகள். அச்சான படக்கதைப் புத்தகத்தைவிட இரண்டு மடங்கு பெரிசு. கறுப்பு மை, பிழையை மறைத்த வெள்ளைப் பூச்சு, தனித்தாளில் எழுதி வெட்டி ஒட்டிய பேச்சுக் குமிழ்கள். அச்சாபீஸை மூடியபோது மூலைக்கொன்றாகச் சிதறியவை. எங்கள் வட்டத்தில் ஆளுக்கு நாலைந்து வைத்திருக்கிறோம். கடைசிப் பக்கம் என்னிடம். படகுக்காரி தீவைத் திரும்பிப் பார்க்காமல் துடுப்புப் போடுகிறாள், மேலே முழுக்க வானம். அவர் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கிறேன், அவரும் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று.

எல்லாப் பக்கங்களும் முதலில் என் வீட்டுக்கு வரும். அசல்தான் என்று நான் சொன்ன பிறகே கண்காட்சிக்குப் போகும். வட்டத்தில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பகலெல்லாம் ரத்தத்துளியில் கிருமி தேடுகிறவளுக்குப் பொய்க்கோடு தெரியாதா என்பார்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. நகலெடுக்கிறவன் கை தயங்கும். தயங்கிய இடத்தில் மை கொஞ்சம் தேங்கி நிற்கும்.

மார்ச் 9, ஞாயிறு

ஒருவர் பக்கத்தை எடுத்துக்கொண்டு பெண்டாட்டியோடு வந்தார். நகல். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது, இருந்தாலும் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் கண்ணாடியை வைத்துக் குனிந்திருந்தேன்.

முத்திரை குத்தினேன். இது நான் கொண்டுவந்த விதி. நகல் என்று தெரிந்தால் படத்தின் மேலேயே, நட்டநடுவில், சிவப்பு மையில் 'நகல்' என்று குத்த வேண்டும். ஓரத்தில் குத்தினால் வெட்டிவிட்டு வேறொருவன் தலையில் கட்டிவிடுவார்கள். கழுவினாலும் போகாத மையாகத் தேடி வாங்கியவளும் நான்தான்.

"ஓரமா குத்துங்களேன் மேடம். பாவம், ஆசையா வச்சிருந்தாரு" என்றாள் அந்த அம்மாள். முடியாது என்றேன். அவர்கள் போகும்போது அந்த மனிதர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, படியில் நின்று மறுபடி சரியாகப் போட்டார். இவர் கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 12, புதன்

டயர்க்கடை வைத்திருப்பவர் போன் செய்தார். வட்டத்துக்குப் புதியவர்.

"மேடம், சிரிக்காதீங்க. கடைசிப் பக்கம் எங்கிட்ட ஒண்ணு வந்திருக்கு."

சிரித்தேன்.

"எனக்கே தெரியும் மேடம், நகலாத்தான் இருக்கும். அந்த முடி இதுல இல்ல."

முடியைப் பற்றி எழுதிவைக்க வேண்டும். அச்சான எல்லாப் பிரதிகளிலும் கடைசிப் பக்கத்து வானத்தில் மெல்லிசாக, வளைந்த கோடு ஒன்று உண்டு. அச்சுத்தகட்டில் முடி ஒட்டியதால் விழுந்த கோடு என்பது வட்டத்துப் பழைய ஆட்களின் கட்சி. ஓவியர் போட்டதுதான், தொலைவில் போகும் பறவை என்பது என் கட்சி. இதற்காக முகம் பார்க்காமல் இருந்தவர்கள்கூட உண்டு. கடைசியில் நான்தான் ஜெயித்தேன். மூலமே என் வீட்டுச் சுவரில் இருக்கிறது, அதிலேயே அந்தக் கோடு இருக்கிறது, வேறென்ன சாட்சி வேண்டும்?

சனிக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பாவம், நல்ல மனுஷர். யாரோ நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்.

மார்ச் 15, சனி

டயர்க்காரர் பக்கத்தைப் போர்வையில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தார். நேராகக் கட்டிலருகே போய் "சார், எப்படி இருக்கீங்க?" என்றார். "பரவால்ல."

மேசையில் பிரித்தார். கண்ணாடியை எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. மைக்கு அடியில் பென்சில் கோடு இருந்தது. படகுக்காரியின் தோளை ஓவியர் முதலில் வேறு சாய்வில் போட்டு, பிடிக்காமல் மாற்றியிருக்கிறார். அச்சில் வராத தடுமாற்றம் அது. அச்சைப் பார்த்து நகலெடுத்தவனுக்கு எப்படித் தெரியும்? விளிம்பில் அச்சாபீஸ் போட்ட அளவுக்குறிகள். வானத்தில் ஒன்றுமில்லை. வெறும் வானம்.

"நகல்தானே மேடம்? குத்திடுங்க. வருத்தப்பட மாட்டேன்."

முத்திரை கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. குத்தியிருந்தால் ஈ காக்காய்க்குக்கூடத் தெரிந்திருக்காது. அவரே நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார். "விட்டுட்டுப் போங்க, நிதானமா பாக்கணும்" என்றேன்.

அவர் போன பிறகு, சுவரில் இருந்ததைச் சட்டத்திலிருந்து கழற்றினேன். முதல் முறையாக. கல்யாண நாளன்று இவர் சட்டம் போட்டே கொண்டுவந்து கொடுத்தார். அச்சாபீஸில் வேலை பார்த்த ஒருவர் வீட்டுப் பரணில் கிடைத்தது என்றார். வாங்கினேன், மாட்டினேன், அவ்வளவுதான். ஊரார் பக்கங்களையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள் இதன்மேல் கண்ணாடியை வைத்ததே இல்லை.

வைத்தேன். மைக்கு அடியில் பென்சில் இல்லை. அந்த முடி ஒரு சொட்டுத் தேங்கலில் தொடங்கி, நடுவில் இம்மியளவு தடித்து, மெல்லத் தேய்ந்து முடிகிறது. அவ்வளவு பொறுமையாக ஒரு முடியை வரைந்திருக்கிறார்கள்.

ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி. இதை வைத்தா நான் ஊரோடு மல்லுக்கு நின்றேன்?

மார்ச் 16, ஞாயிறு

வேறு யார் போட்டிருப்பார்கள்? குமிழ்களுக்குள் இருக்கும் எழுத்து அவருடையது. ஓவியரின் எழுத்துப்போலவே சாய்த்துப் போட்டிருக்கிறார், ஆனாலும் 'ழ'வின் வாலை அவர் இழுக்கிற இழுப்பு எனக்குத் தெரியாதா? வீட்டுக் கணக்கு, மளிகைச் சீட்டு, வரைபடங்கள், எத்தனை பார்த்திருக்கிறேன். தினமும் அதன் எதிரே நின்று காபி குடித்திருக்கிறேன்.

ஆபீஸில் புதிதாகச் சேர்கிறவர்களிடம் அவர் சொல்வது ஞாபகம் வருகிறது. "டிரேஸ் எடுக்கும்போது யோசிக்கக் கூடாது. இருக்கறத அப்படியே போடணும். யோசிக்கிறது இஞ்சினியர் வேலை." அச்சில் முடி இருந்தது. முடியையும் போட்டுவிட்டார்.

கட்டிலுக்கு முன்னால் நின்று கேட்டேன்.

"இத நீங்கதானே வரைஞ்சீங்க?"

பார்த்தார்.

"வாயத் தெறந்து சொல்லுங்க!" யாரிடம் எதைக் கேட்கிறேன்.

"பரவால்ல" என்றார். பாதி முகத்தில் சிரிப்பு.

என்ன பரவால்ல? எத்தன பேருக்குக் காட்டினேன். எத்தன பேர் வாய அடைச்சேன். எல்லாம் உங்க கண்ணு முன்னாடிதானே? பேச்சு இருந்த காலத்துல ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? என்னை முட்டாளாக்கிட்டு இத்தன வருஷம் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்களே —

முத்திரையை எடுத்தேன். சாப்பாடு வைக்கிற பலகையை அவர் மடிமேல் இழுத்து, படத்தை அதில் வைத்து, வானத்தின் நடுவில் குத்தினேன். கட்டில் அதிர்ந்தது. விதி என்றால் எல்லாருக்கும் விதிதான் என்று உரக்கச் சொன்னேன்.

பிறகு செயலாளரைக் கூப்பிட்டு, என்னுடையது நகல், டயர்க்காரருடையதுதான் அசல் என்றேன். "மேடம், இந்த நேர்மை யாருக்கு வரும்!" என்றார். அதைக் கேட்டு ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 19, புதன்

பென்சிலைப் பிடிக்க மாட்டேன் என்கிறார். அந்தப் பெண் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி வைத்தாள். கையை எடுத்ததும் விரல்கள் திறந்துகொண்டன. பென்சில் உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று.

மார்ச் 20

இன்றும் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

பக்கங்கள் வர ஆரம்பித்துவிட்டன. முன்னறை முழுக்க அட்டைகள், பிளாஸ்டிக் உறைகள், சட்டங்கள். டயர்க்காரருடைய கடைசிப் பக்கத்தைத் தனியாக மேசைமேல் வைத்திருக்கிறேன். வேலைக்கு வரும் பெண் துடைப்பத்தை வைத்துக்கொண்டு "எங்கக்கா பெருக்குறது?" என்று கேட்டுவிட்டுப் பெருக்காமலே போனாள்.

மத்தியானம் கஞ்சியில் உப்புப் போட மறந்துவிட்டேன். முழுதும் குடித்தார். "உப்பில்லையா?" என்று கேட்டேன். பதில் இல்லை. அப்போதுதான் உறைத்தது. முத்திரை குத்திய நாளிலிருந்து அவர் 'பரவால்ல' சொல்லவே இல்லை.

மார்ச் 26, புதன்

பயிற்சிப் பெண் வாசலில் நின்று தணிந்த குரலில் சொன்னாள். "மேடம், கை விட்டுப் போகல. மனசுதான் விட்டுப் போயிடுச்சு. இப்படியே விட்டா அப்புறம் கையும் போயிடும். வீட்ல ஏதாவது நடந்ததா?"

ஒன்றும் நடக்கவில்லை என்றேன்.

மார்ச் 28, வெள்ளி

நாத்தனார் வந்தாள். வந்தவுடன் எதிர்ச்சுவரில் இருந்த ஆணியைப் பார்த்து "எங்க அண்ணி அந்தப் படம்?" என்றாள். அடுக்களைக்கு அழைத்துப்போய்ச் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன்.

"முத்திரையா? அண்ணன் போட்டதுலயா? அவர் மடியில வச்சா?"

"உனக்கும் தெரியுமா?"

"புத்தகப் பக்கத்தப் பெரிசாக்கி எடுத்துட்டு வந்து, எங்க வீட்டுக் கண்ணாடி மேசைக்கு அடியில வெளக்க வச்சுத்தானே வரைஞ்சாரு. மாசக்கணக்கா. நாங்க குடும்பத்தோட தரையில உக்காந்து சாப்பிட்டோம். அந்தப் பக்கம் யார்கிட்டயும் கெடைக்கலன்னு நீங்க சோறு தண்ணி இறங்காம கெடந்தீங்களே, அப்ப."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சொல்றதுக்கு என்ன இருக்கு? ஒங்களுக்குக் குடுத்த அன்னிக்கே ஓடி வந்தாரு. 'அவ பாத்த ஒடனே கண்டுபிடிச்சிருப்பா. கண்டுபிடிச்சும் ஒண்ணும் கேக்கல. நேரா போயி சுவத்துல மாட்டிட்டா'ன்னு. ஒரே சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணி. அந்த முடிக்காக நீங்க மத்தவங்களோட சண்ட போடறப்பல்லாம் 'எனக்காகப் பேசறா பாரு, என்னை விட்டுக் குடுக்க மாட்டேங்கறா'ன்னு சொல்லுவாரு. ஒங்களுக்குத் தெரியாதுன்னு நாங்க யாராவது நெனப்போமா? நீங்க பூதக்கண்ணாடியாச்சே, அண்ணி!"

பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அடுப்பை அணைக்கவில்லை.

இத்தனை வருஷமும் நான் தெரிந்தே வைத்திருக்கிறேன் என்று அவர் நம்பியிருக்கிறார். நானோ பார்க்கவே இல்லை. அவர் கொடுத்தது என்பதால்தான் பார்க்கவில்லை. இதைப் போய் நான் எப்படிச் சொல்வேன்? கேட்டபோது சிரித்தாரே, அது என்னை முட்டாளாக்கிய சிரிப்பில்லை. நமக்குள் இருந்ததை இப்போதாவது வாய்விட்டுச் சொன்னாளே என்ற சிரிப்பு. அந்தச் சிரிப்பின்மேல்தான் குத்தியிருக்கிறேன்.

மார்ச் 29, சனி

சொல்லிப் பார்த்தேன். "எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது. நீங்க குடுத்தத நான் சோதிச்சுப் பாக்கவே இல்ல." கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமில்லை, இமை துடித்தது. கையைப் பிடித்தேன். உருவிக்கொள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

ஆறின கஞ்சிக்கும், ஊசி குத்தினதுக்கும், மழைக்கும் வெயிலுக்கும் சொன்ன சொல். எனக்கு ஒரே ஒரு தடவை வேணும்.

ஏப்ரல் 2, புதன்

வேலை முடிந்து வந்தேன். வேலைக்கு வரும் பெண் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கட்டிலில் இல்லை. மேசைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தடியைப் பிடித்துக்கொண்டு தனியாக அவ்வளவு தூரம் நடந்தது இதுதான் முதல் தடவை. ஒரு நொடி சந்தோஷப்பட்டுவிட்டேன்.

இடது கை விரலெல்லாம் சிவப்பு மை. அவருக்கு முன்னால் டயர்க்காரரின் பக்கம். அசல். வானத்தின் நடுவில் 'நகல்'.

தெரியாமல் குத்தியது என்று சொல்ல வழியே இல்லை. கோணவில்லை. இரண்டு பக்கமும் சரியாக இடம் விட்டு, மேல்விளிம்புக்கு நேராக, மை எங்கும் விட்டுப்போகாமல் அழுத்திக் குத்தியிருக்கிறார். வட்டத்தை மூட முடியாத அதே இடது கையால். மேசைமேல் இருந்த வேறு எந்தப் பக்கத்தையும் தொடவில்லை.

என் முகத்தை நேராகப் பார்த்தார். வாதம் வந்த பிறகு அவ்வளவு நேராக அவர் பார்த்ததில்லை. துணியை நனைத்து விரல்களைத் துடைத்தேன். போகவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

நாத்தனார் போனில் சுலபமாக வழி சொல்கிறாள். "நோயாளி, தெரியாம குத்திட்டாருன்னு சொல்லுங்க அண்ணி. யாரு என்ன சொல்லப் போறாங்க? பாவம்னுவாங்க."

உண்மைதான். பாவம் என்பார்கள். டயர்க்காரரே அவர் தோளைத் தட்டிக்கொடுப்பார். சார், விடுங்க சார் என்பார். அவரும் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டும். இத்தனை நாளில் அவர் என்னிடம் பேசியது அந்த முத்திரை ஒன்றுதான். அதையும் தெரியாமல் உளறியது என்று நானே ஊருக்குச் சொல்வதா?

மாட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வட்டத்தில் எல்லாரும் வந்திருந்தார்கள். பக்கத்தை மேசையில் வைத்தேன். டயர்க்காரர் சிவப்பின்மேல் விரலை வைத்து, மை ஒட்டுகிறதா என்று பார்த்தார். அப்போதும் நம்பிக்கை.

"யாரு மேடம் இது?"

"நான்தான்."

நம்புவதற்கு ஒருவருக்கும் சிரமமிருக்கவில்லை. பெண்புத்தி என்றார் ஒருவர். தனக்கு இல்லாதது அடுத்தவனுக்கு இருக்கக் கூடாது என்றார் இன்னொருவர். டயர்க்காரர் மட்டும் கத்தவில்லை.

"அன்னிக்கே குத்துங்கன்னு சொன்னேனே மேடம். நகல்னு நெனச்சுத்தான் கொண்டு வந்தேன், அப்படியே போயிருப்பேன். அசல்னு சொல்லி ஆச காட்டிட்டு ஏன் மேடம்?"

என் பக்கங்களை எல்லாம் எடுத்து வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். புயல் பக்கத்தையும் கலங்கரை விளக்கப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டார். அவை இரண்டும்தான் என்னிடம் இருந்தவற்றில் நல்லவை. பாழான கடைசிப் பக்கத்தை என் பக்கம் தள்ளி, "நீங்களே வச்சுக்கோங்க" என்றார். வாழ்நாள் முழுவதும் ஆசைப்பட்டது இப்படி வந்து சேர்ந்தது.

செயலாளர் முத்திரையையும் மைப்பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு, நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் போனார். இவ்வளவும் கட்டிலுக்குப் பத்தடி தள்ளித்தான் நடந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை.

ஏப்ரல் 11

ஆய்வகத்தில் இரட்டை ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் உட்கார முடியவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

அவருக்குத் தலை துவட்டிவிட்டேன். விரல்களில் சிவப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது, நகத்தடியில் இன்னும் இருக்கிறது. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. நான் பேசியிருக்கலாம், எனக்குப் பேச்சு இருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

கண்காட்சி இன்று தொடங்கியது. எனக்கு அழைப்பில்லை. நாத்தனார் போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் செய்தாள். கடைசிப் பக்கத்துக்குப் பதிலாக அச்சுப் பிரதியைப் பெரிசாக்கி வைத்திருக்கிறார்களாம். "முடியும் இருக்கு அண்ணி. ஜனங்க கிட்டப் போயிப் போயிப் பாக்குறாங்க. பறவைங்கறாங்க." சிரித்தாள். நானும் கொஞ்சம் சிரித்தேன், அப்புறம் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

பயிற்சிப் பெண் வந்திருந்தாள். வழக்கம்போல் புள்ளித் தாளை வைத்துவிட்டு, வழக்கம்போல் அவர் தொடமாட்டார் என்று தன் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அவர் கையை நீட்டிப் பென்சிலை எடுத்தார். நான் வாசற்படியில் நின்றுவிட்டேன். புள்ளிகளின் மேல் போகவில்லை. அவற்றை விட்டுவிட்டு, தாளின் வெறும் பக்கத்தில், மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். ரொம்ப அழுத்தினார். பாதியில் முனை முறிந்தது.

"புள்ளி மேல போகணும் சார்" என்றாள் அந்தப் பெண். அவர் அவளைப் பார்க்கவில்லை. பென்சிலை என் பக்கம் நீட்டினார்.

அந்தச் சொல் வரும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. அவர் கை நீட்டியபடியே இருந்தது. வாங்கிச் சீவிக் கொடுத்தேன்.